வெந்த புண்ணும் வெள்ளித் துகளும்



விருதுநகர் மாவட்டத்தில் தீயைப் பற்றிப் பேசுவதற்கு முன்னுரை வேண்டுவதில்லை. வானம் பார்த்த கரிசலில் விளைவு பொய்த்த காலத்தில், சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று 1923-ஆம் ஆண்டளவில் ஊர் மீண்டனர். தீப்பெட்டிக்குப் பின் வெடி வந்தது. அவற்றுக்குப் படத்தாள் ஒட்ட அச்சுத் தொழிலும் வந்தது. இன்று வடபுல நகரங்களின் விழா வானில் சிதறும் ஒளியின் பெரும்பங்கு, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களின் சிற்றறைகளில் ஆடவரும் பெண்டிரும் தம் விரல் நுனியால் அடைத்த மருந்தின் ஒளியே. மருந்து என்றுதான் இவ்வூரார் அதனைச் சொல்கின்றனர். மணிமருந்து என்கின்றனர். எரிப்பதற்கும் மருந்து என்று பெயர். எரிந்த புண்ணை ஆற்றுவதற்கும் மருந்து என்றே பெயர். முன்னது இங்கே மலையாய்க் குவிந்து கிடக்கின்றது. பின்னதைப் பற்றியதே இவ்வுரை.

வெடியால் நேரும் சாவு இருவகைப்படும். முதற்சாவு நொடியில் நேர்வது. அதனைச் செய்தித்தாள்கள் கொட்டை எழுத்தில் அச்சிடுகின்றன. இரண்டாஞ்சாவு ஐந்தாம் நாளோ, பத்தாம் நாளோ, மூன்றாம் கிழமையோ மருத்துவமனைக் கட்டிலில் நேர்வது. அது உட்பக்கத்தில் ஒரு வரியாகச் சுருங்கும். சிலபொழுது அந்த ஒரு வரியும் இராது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிப்பில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயணைக்கவும் மீட்கவும் ஓடிச் சென்றவரும் அவர்களுள் பலர். 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் வெடித்தபோது முதல்நாள் ஓர் எண்ணிக்கை வெளிவந்தது. அடுத்தடுத்த நாள்களில் அது ஏறிக்கொண்டே சென்று இருபதைக் கடந்தது. அந்த ஏற்றந்தான் இரண்டாஞ்சாவு. முதற்சாவைத் தடுக்க வேண்டுவன முறையான கட்டடம், மிகாத இருப்பு, அஞ்சாமல் ஆய்வு செய்யும் அலுவலர் ஆகியன. அது வேறொரு மேடைக்குரிய பொருள். இரண்டாஞ்சாவைத் தடுப்பது அறிவியலின் வேலை.

வெந்தவர் ஏன் பத்தாம் நாள் சாகின்றார்? தோல் என்பது உடலின் மதில். மதில் இடிந்த கோட்டைக்குள் பகைவர் நுழைவதுபோல், தோல் வெந்த உடலுக்குள் நுண்ணுயிரிகள் நுழைகின்றன. முதல் ஓரிரு நாளில் வருவன பெரும்பாலும் அவர்தம் தோலிலேயே குடியிருந்தவை. கொத்துக் கொத்தாய்த் திரளும் இசுட்டாபிலோகாக்கசு என்பது அவற்றுள் ஒன்று. அதன்பின் வருவதுதான் பெருங்கொடியது: சூடோமோனாசு ஏருசினோசா. செம்பில் படரும் களிம்பின் நிறத்தைக் குறித்த இலத்தீன் சொல்லால் அதற்கு அப்பெயர் இட்டனர். அது பற்றிய புண்ணில் நீலப்பச்சைச் சீழ் வடியும். இங்கே ஒன்றைக் கருத்தில் வைத்தல் வேண்டும். வெந்து இறந்த தோலில் குருதியோட்டம் இல்லை. குருதி செல்லாத இடத்திற்கு, ஊசிவழி ஏற்றிய மருந்தும் வாய்வழி விழுங்கிய மருந்தும் எவ்வாறு செல்லும்? செல்லா. ஆகையால் தீப்புண்ணுக்கு மேற்பூச்சு மருந்து இன்றியமையாதது. அம்மேற்பூச்சில் அறுபது ஆண்டுகளாக அரசோச்சி வருவது வெள்ளி.

1965-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் மோயர், நூற்றுக்கு அரைப்பங்கு வெள்ளி நைட்ரேட்டு கரைத்த நீரில் துணியை நனைத்துத் தீப்புண்ணின்மேல் போர்த்தும் முறையைக் கொண்டுவந்தார். நைட்ரேட்டு என்றவுடன் அது ஏதோ அயலான பொருள் என்று இம்மாவட்டத்தார் கருத வேண்டுவதில்லை. இங்குள்ள ஒவ்வொரு தொழிற்கூடத்திலும் மூட்டை மூட்டையாய் அடுக்கியிருக்கும் வெடியுப்பின் உறவுமுறைதான் அது. மூன்றாண்டு கழித்து, 1968-இல், சார்லசு பாக்சு என்பவர் வெள்ளியைச் சல்பா மருந்தொன்றோடு பிணைத்து வெண்களிம்பு ஆக்கினார். வெள்ளி சல்பாடையசீன் என்னும் அக்களிம்பே இன்றும் சிற்றூர் மருத்துவ நிலையம் முதல் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை வரை தீப்புண்ணுக்கு முதலில் எடுத்துப் பூசப்படுவது. அதனால் பிழைத்தோர் எண்ணற்றோர். ஆயினும் அதற்குக் குறைகளும் உண்டு. வெள்ளியைப் பெருமளவில் ஒருசேரக் கொட்டுகின்றது. புண்நீரில் உள்ள உப்பும் புரதமும் அவ்வெள்ளியை விரைவில் செயலற்றதாக்கிவிடுகின்றன. ஆகவே நாடோறும் பழங்களிம்பை வழித்தெடுத்துப் புதுக்களிம்பு பூச வேண்டியுள்ளது. வெந்த தோலை நாடோறும் வழிப்பது எத்தகைய நோவு என்பதைப் பட்டவரே அறிவர். மேலும், ஆழமில்லாத புண்களில் அக்களிம்பு புதுத்தோல் படர்வதையே தாழ்த்துகின்றது எனப் பிற்கால ஆய்வுகளின் தொகுப்புரைகள் காட்டியுள்ளன.

குறைந்த வெள்ளியால் நீடித்த பயனைப் பெறுவது எப்படி? இவ்வினாவின் விடையாகவே மீநுண் துகள் வருகின்றது.

பாடநூல்கள் இதனை நானோ துகள் என்கின்றன. நானோ என்பது குறளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல். குறள் என்னும் சொல்லைத் தன் தலைநூலின் பெயராகவே கொண்டுள்ள மொழிக்குச் சிறுமையைச் சொல்லப் பிறமொழிச் சொல் தேவைப்பட்டது என்பதை எண்ணி நகைப்பதா, நாணுவதா? மீநுண் துகள் என்பதே இவ்வுரையில் ஆளப்படும். அளவைப் பெயராகிய நானோமீட்டர் உலகெங்கும் ஒன்றாதலின் அது அவ்வாறே நிற்கட்டும். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். மாந்தரின் தலைமயிர் ஒன்றன் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். 10 நானோமீட்டர் குறுக்களவுள்ள வெள்ளித் துகளில் அடங்கியிருப்பவை ஏறக்குறைய 30,000 அணுக்களே.

சிறிதாக்கினால் என்ன ஆகும் என்பதை உலகில் வேறெவரையும்விடச் சிவகாசித் தொழிலாளர் நன்கறிவர். அலுமினியச் சட்டியை அடுப்பின்மேல் வைத்துக் குழம்பு காய்ச்சலாம், அது எரிவதில்லை. அதே அலுமினியத்தைப் பொடியாக்கி வெடியுப்போடும் கந்தகத்தோடும் கலந்தால் கூரை பறக்கின்றது. பொடி மென்மையாக ஆக, சீற்றம் மிகும். மாழை மாறவில்லை, அதன் மேற்பரப்பு மாறியது. ஒரு செண்டிமீட்டர் பக்கமுள்ள வெள்ளிக் கட்டிக்கு ஆறு முகம். ஆறு சதுரச் செண்டிமீட்டர் மேற்பரப்பு. அதே கட்டியைப் பத்து நானோமீட்டர் பக்கமுள்ள கட்டிகளாக நறுக்கினால் மேற்பரப்பு மொத்தம் 600 சதுர மீட்டர். நிலக்கணக்கில் ஏறத்தாழ 15 செண்டு. உள்ளங்கையில் அடங்கும் சூதுக்காய் அளவு வெள்ளி, ஒரு வீட்டுமனைக்கு மேற்பட்ட பரப்பாய் விரிகின்றது. வினை நிகழ்வது மேற்பரப்பில். ஆகவே சிறு அளவு வெள்ளி பெரும்பணி ஆற்றும்.

(இடையில் ஒன்று. மத்தாப்பின் வெண்பொறிக்கு இடும் பளபளத்த பொடியை வெள்ளிப்பொடி என்று கருதுவோர் வெளியூரில் உளர். அது வெள்ளியன்று, அலுமினியமே.)

இத்துகளை ஆக்கும் வழி இரண்டு. வேதிப்பொருள்களைக் கொண்டு ஆக்குவது ஒன்று. அவற்றுள் சில நச்சுடையவை. உயிர்ப்பொருள்களைக் கொண்டு ஆக்குவது மற்றொன்று. இரண்டாவது வழியை மாந்தர்க்கு முதலில் காட்டியது ஒரு நுண்ணுயிரி. வெள்ளிச் சுரங்கத்தில் வாழ்ந்த சூடோமோனாசு இனத்து நுண்ணுயிரி ஒன்று, தன்மேல் பாய்ந்த வெள்ளியின் நஞ்சை முறிக்க, அதனைத் தன் உடற்சுவருக்குள் மணிகளாக்கிப் பூட்டி வைத்தது. அம்மணிகள் 200 நானோமீட்டர் வரை இருந்தன. சுவீடன் நாட்டு ஆய்வாளர் இதனை 1999-இல் வெளியிட்டனர். அடுத்த சில ஆண்டுகளில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாத்திரியும் அவர்தம் குழுவினரும் பூஞ்சைகளைக் கொண்டு அதனைச் செய்தனர். 2004-இல் அக்குழுவினரே வேப்பிலை வடிசாற்றைக் கொண்டு செய்து காட்டினர். அதன்பின் கதவு திறந்தது. கற்றாழை, துளசி, கீழாநெல்லி என ஒவ்வோர் இலையாகத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் ஆய்வு மேடைக்கு வந்தது.

அவ்வரிசையில் தனித்துச் சொல்லத்தக்கது குப்பைமேனி. சென்னைப் பல்கலைக்கழகத்துக் கிண்டி வளாகத்து நிலைத்திணையியல் ஆய்வாளர்கள் 2010-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை அது. குப்பைமேனி இலையின் வடிசாற்றை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் ஊற்றினர். அடுப்பில்லை, அழுத்தக்கலம் இல்லை. அறைச் சூட்டிலேயே 30 மணித்துளியில் துகள்கள் தோன்றின. அவற்றின் அளவு 20 முதல் 30 நானோமீட்டர். நிறமற்ற நீர் மஞ்சளாகிப் பின் பழுப்பானது. வெண்மையைக் குறிக்கும் வெள் என்னும் வேரிலிருந்து பெயர்பெற்ற மாழை, மீநுண்மை அடைந்தவுடன் ஒளியின் நீலப்பகுதியை உண்டுவிட்டுப் பழுப்பாய்த் தோன்றுவது ஒரு வேடிக்கை. நீரால் பரவும் நோய்க்குரிய எசெரிச்சியா கோலியையும், கக்கல்கழிச்சலைத் தரும் விப்ரியோ நுண்ணுயிரியையும் அத்துகளோடு வைத்தபோது, ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அளவிலேயே அவற்றின் வளர்ச்சி நின்றது.

இலைச்சாறு என்ன செய்கின்றது? இலையிலுள்ள துவர்ப்புப் பொருள்களும் சருக்கரைகளும் புரதங்களும், மின்னேற்றம் பெற்றுக் கரைந்து நிற்கும் வெள்ளி அணுவுக்கு இழந்த மின்னணுவைத் திருப்பித் தருகின்றன. அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரளத் தொடங்குகின்றன. திரட்சி கட்டுமீறிப் போகாதவாறு அதே இலைப்பொருள்கள் துகளைச் சுற்றிப் போர்வையாய் அமைகின்றன. ஆக்குவதும் அதுவே, காப்பதும் அதுவே.

இனி, துகள் நுண்ணுயிரியைக் கொல்வது எங்ஙனம்? வெள்ளிக் கொலுசு நாட்பட நாட்படக் கறுப்பதைக் காணாத பெண் தமிழ்நாட்டில் இல்லை. வெள்ளிக்குக் கந்தகத்தின்மேல் அடங்காக் காதல். காற்றில் சிறிதளவு கந்தக ஆவி இருந்தாலும் அதனைப் பற்றிக் கறுத்துவிடும். நுண்ணுயிரியின் உடலில் மூச்சுக்கும் செரிப்புக்கும் உரிய நொதிகள் பலவற்றில் கந்தகம் உண்டு. துகளினின்று கசியும் மின்னேறிய வெள்ளியணுக்கள் அக்கந்தகத்தைப் பற்றிக்கொள்கின்றன. நொதி முடங்குகின்றது, மூச்சு அறுகின்றது, மேலுறை பொத்தலாகின்றது. 2012-இல் அமெரிக்காவின் இரைசுப் பல்கலைக்கழகத்து ஆல்வரெசு குழுவினர் ஒரு நுட்பமான ஆய்வு செய்தனர். உயிர்வளி சிறிதும் இல்லாத இடத்தில் துகளை ஆக்கி, அங்கேயே நுண்ணுயிரியோடு சேர்த்தனர். உயிர்வளி இன்றேல் வெள்ளி கசியாது. அந்நிலையில் துகள் பெருமளவில் இருந்தும் நுண்ணுயிரி சாகவில்லை. ஆகவே கொல்வது கசியும் வெள்ளியணுவே. துகள் என்பது அதனைச் சிறுகச் சிறுக அளந்துவிடும் பண்டகசாலை. தீப்புண்ணுக்கு வேண்டுவதும் அதுதான்.

இக்கருத்தை ஏட்டளவில் நிறுத்தாமல் மருந்தாகவே வடித்தவர்கள் உளர். புனே அகர்க்கர் ஆய்வு நிறுவனத்தில் கிசோர் பக்னிகரும் குழுவினரும் உயிர்ப்பொருளால் நிலைப்படுத்திய 7 முதல் 20 நானோமீட்டர் வெள்ளித் துகளைக் கொண்டு ஒரு கூழ்மருந்து ஆக்கி, 2009-இல் அதன் ஆய்வுரையை வெளியிட்டனர். மருந்துகள் பலவற்றுக்கும் அடங்காத நுண்ணுயிரிகளையும் அது ஒரு மில்லிலிட்டருக்கு 0.78 முதல் 6.25 மைக்ரோகிராம் அளவிலேயே வளரவொட்டாமல் தடுத்தது. மெல்லிய சுவருடைய நுண்ணுயிரிகள் விரைந்து மடிந்தன. தடித்த சுவருடையவை சற்றுத் தாழ்ந்து மடிந்தன. சூடோமோனாசின்மேல் அது செய்த வேலை குறிப்பிடத்தக்கது: மருந்து சிறுபொழுது பட்டு நீங்கிய பின்னரும் பத்து மணி நேரத்துக்கு மேல் அது தலைதூக்கவில்லை. வழக்கமான வெண்களிம்பின் ஒரு கிராமில் ஏறத்தாழ 3 மில்லிகிராம் வெள்ளி உள்ளது. புனேக் கூழுக்கு அதில் முப்பதில் ஒரு பங்கே போதுமாயிற்று. வேறு சில எதிருயிரி மருந்துகளோடு சேர்த்தபோது சிலவற்றின் வலிமை கூடியது என்றும், குளோரம்பெனிக்கால் என்னும் மருந்தோடு சேர்த்தபோது ஒன்றையொன்று தடுத்தது என்றும் அவர்களே எழுதியுள்ளனர். தம் மருந்துக்கு மாறான முடிவையும் மறையாமல் வெளியிட்ட அந்நேர்மை பாராட்டத்தக்கது.

நீர்த்தூய்மையிலும் இது கால்வைத்துள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பிரதீப் குழுவினர், இறால் ஓட்டிலிருந்து பெறும் கைட்டோசான் என்னும் உயிர்ப்பொருளையும் அலுமினியச் சேர்மத்தையும் பின்னிய வலைக்குள் வெள்ளி மீநுண் துகளைச் சிறைவைத்து, குடிநீரில் மிகமிகச் சிற்றளவு வெள்ளி மட்டும் கசியுமாறு அமைத்ததை 2013-இல் வெளியிட்டனர்.

இத்துணையும் கேட்டபின், இனித் தீப்புண்ணுக்கு அஞ்ச வேண்டுவதில்லை என்று எவரேனும் எழுந்து சென்றால் அது பெரும்பிழையாகும். மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். அதனை மழுப்பாமல் கூறுதல் வேண்டும்.

முதலாவது, ஆய்வுக் கட்டுரைகளின் பெருக்கம். ஓர் இலையைப் பறி, காய்ச்சு, வெள்ளி நைட்ரேட்டில் ஊற்று, நிறம் மாறியதும் படம் எடு, நான்கு நுண்ணுயிரிகளைத் தட்டில் வளர்த்து அவற்றைச் சுற்றிய வெற்றுவட்டத்தை அளந்து எழுது: இந்த வாய்பாட்டில் அமைந்த கட்டுரைகள் ஆண்டுதோறும் குவிகின்றன. இலை மாறுகின்றது, கட்டுரை மாறுவதில்லை. வெற்றுவட்டம் பெரிதாயிருப்பதே வலிமைக்குச் சான்று என்பதும் முழுதும் பொருந்தாது. துகள் கூழ்த்தட்டில் எளிதில் பரவாது, கரைந்த வெள்ளி பரவும். இலைச்சாறு தனியே என்ன செய்தது, வெள்ளி உப்பு தனியே என்ன செய்தது என்று பக்கத்தில் வைத்துப் பாராத கட்டுரையால் எதனையும் முடிவு செய்ய இயலாது. இன்னொன்று: ஆடியில் பறித்த குப்பைமேனியும் மார்கழியில் பறித்த குப்பைமேனியும் ஒன்றல்ல, கரிசலில் முளைத்ததும் செம்மண்ணில் முளைத்ததும் ஒன்றல்ல. சாறு மாறினால் துகளின் அளவு மாறும். அளவு மாறினால் வினை மாறும். இன்று செய்ததை நாளையும் அவ்வாறே செய்து காட்ட இயலாத பொருள், மருந்து என்னும் பெயருக்கு உரியதாகாது. பசுமை முறை என்னும் விளம்பரச் சொல்லையும் அளந்தே கொள்ளல் வேண்டும். இலை பசுமைதான், வெள்ளி நைட்ரேட்டோ, வெள்ளியைக் கொடுங்காடியில் கரைத்துத் தொழிற்சாலையில் ஆக்கியது.

இரண்டாவது, நுண்ணுயிரியின் எதிர்ப்படை. 1975-இல் அமெரிக்காவின் பாசுடன் நகரத்து மாசாச்சூசெட்சுப் பொது மருத்துவமனையின் தீப்புண் பிரிவிலேயே, வெள்ளிக்கு அடங்காத சால்மோனெல்லா தோன்றியது. நோயாளர் சிலர் மாண்டனர். அதன் எதிர்ப்புக்குரிய மரபுக்கூறுகளைப் பின்னாளில் வகுத்துக் காட்டியது சிகாகோவின் இல்லினாய்சுப் பல்கலைக்கழகத்துச் சைமன் சில்வர் குழு. 1999-இல் அக்கட்டுரை வந்தது. வெள்ளியை ஆய்ந்தவர் பெயரே ஆங்கிலத்தில் வெள்ளி என்று அமைந்தது ஒரு தற்செயல். மீநுண் துகளுக்கும் இந்நிலை வரும் என்பது 2018-இல் செக்கு நாட்டு ஆய்வாளரால் தெரிந்தது. மீண்டும் மீண்டும் குறைந்த அளவுத் துகளைச் சந்தித்த எசெரிச்சியா கோலி, தன் நீந்துவாலுக்குரிய புரதத்தை மிகுதியாகச் சுரந்தது. அப்புரதம் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கட்டியாக்கிவிட்டது. மேற்பரப்பு போயிற்று, வலிமையும் போயிற்று. மாதுளம் பழத்தோலின் சாறு அப்புரதச் சுரப்பைத் தடுத்து, துகளுக்கு மீண்டும் வலிமை தந்தது என்பதும் அவ்வாய்வின் கண்டுபிடிப்பே. எனினும் கற்க வேண்டியது யாதெனில், காலுறையிலும் சட்டையிலும் குளிர்பெட்டியிலும் வெள்ளித் துகளைத் தூவி விற்கும் வணிகம், புண்பட்டோர்க்கு வேண்டிய கடைசிப் படைக்கலத்தை வீணே மழுக்குகின்றது.

மூன்றாவது, வெள்ளியின் நச்சுத்தன்மை. நெடுநாள் வெள்ளியை உட்கொண்டவர்க்குத் தோல் சாம்பல்நீலமாகி, அந்நிறம் மீளவே மீளாது. மருத்துவர் அளிக்காத வெள்ளிநீரை வாங்கிக் குடிப்பது அறியாமை. துணிவெளுத்த நீரோடு ஆற்றில் கலக்கும் துகள் அங்குள்ள நல்ல நுண்ணுயிரிகளையும் கொல்லும் என்பதையும் மறத்தலாகாது.

இவ்விடத்தில் தமிழ்ப்பற்றாளர்க்கு ஒரு சொல். குப்பைமேனி என்றவுடன், பழந்தமிழர் மீநுண் துகளையே கண்டறிந்திருந்தனர் என்று மேடையில் மார்தட்டும் வழக்கம் ஒன்று தலையெடுத்து வருகின்றது. சித்தமருத்துவத்தில் வெள்ளிப் பற்பம் உண்டு. குப்பைமேனியை உப்போடு அரைத்துச் சொறி சிரங்குக்குப் பூசும் கைமருத்துவமும் உண்டு. இலைகளின் பண்பை அறிந்து பெயரிட்டு வழிவழிக் காத்த பெருமை தமிழர்க்குக் குறைவற உண்டு. ஆனால், நானோமீட்டரை அளக்கும் மின்னணு நுண்காட்டி இருபதாம் நூற்றாண்டில் வந்தது. இல்லாத பெருமையைச் சேர்த்தால் இருக்கும் பெருமையும் ஐயத்துக்கு உள்ளாகும். மேலும், குப்பைமேனித் துகள் தட்டில் நுண்ணுயிரியைத் தடுத்தது என்ற செய்தியைக் கேட்டுக் குப்பைமேனி இலையையே பறித்து அரைத்துத் தீப்புண்ணில் அப்புவோர் இருப்பின், அவர்கள் குப்பை மண்ணின் நுண்ணுயிரிகளை மதில் இடிந்த கோட்டைக்குள் தம் கையாலேயே கொண்டு விடுகின்றனர்.

உண்மையில் தமிழுக்கு இதில் உள்ள சிக்கல் வேறு. கிண்டியில் ஆய்ந்தவர் தமிழர். ஆய்ந்த இலை தமிழ்த்தெருவின் இலை. ஆயினும் அக்கட்டுரையில் அவ்விலைக்குப் பெயர் அகாலிப்பா இண்டிகா. உலக அறிஞர் படிக்க ஆங்கிலத்தில் எழுதுவதைக் குறைகூற இயலாது. அதன் பிழிவைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதத் தடை செய்தவர் யார்? விருதுநகரில் 1947 முதல் செந்திக்குமார நாடார் கல்லூரி உள்ளது; சிவகாசியில் 1963 முதல் அய்ய நாடார் சானகி அம்மாள் கல்லூரி உள்ளது. அங்குப் பயிலும் மாணாக்கர் பலர் வெடித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். தன் தாயின் கையில் பூசும் வெண்களிம்பு எதனால் வேலை செய்கின்றது என்பதை அம்மாணவி தன் தாய்க்குத் தாய்மொழியில் எடுத்துரைக்கச் சொல் வேண்டும். அச்சொல்லை ஆக்காத கல்வி, தாய்க்கும் மகளுக்கும் இடையில் சுவர் எழுப்புகின்றது. களிம்புக் குழாயின்மேல் தமிழெழுத்தைத் தேடிக் காண்பதும் அரிது. எத்தனை நாளைக்கு ஒருமுறை பூசுவது, எவர்க்குப் பூசலாகாது என்பவற்றைப் படிக்க இயலாதவர் கையில் அம்மருந்து கொடுக்கப்படுகின்றது. சல்பா மருந்து ஒவ்வாதவர்க்கு அக்களிம்பு தீங்கு செய்யும். அந்த ஒரு செய்தியாவது தமிழில் இருத்தல் வேண்டாவா?

செய்ய வேண்டுவன பெருஞ்செலவுடையன அல்ல. மதுரையிலும், 2022-இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியிலும், தீப்புண் கட்டில்களிலிருந்து எடுக்கும் சீழில் எந்தெந்த நுண்ணுயிரி உள்ளது, அது எந்த மருந்துக்கு அடங்குகின்றது என்பதை ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடலாம். கல்லூரி ஆய்வகங்கள் விலைக்கு வாங்கிய பழகிய நுண்ணுயிரிகளை விட்டு, உரிய காப்புடன் இவற்றின்மேல் தம் துகளை ஆய்ந்து பார்க்கலாம். சூடோமோனாசு அடங்கினால் அடுத்த படி விலங்காய்வு. அதன் அடுத்த படி அறங்காவற் குழுவின் ஏற்போடு மாந்தரிடம் ஒப்பாய்வு. நூறு இலைகளில் நூறு கட்டுரை எழுதுவதைக் காட்டிலும், ஓர் இலையை நூறு முறை ஆய்ந்து ஒரே அளவுத் துகளை நூறு முறையும் பெற்றுக் காட்டுவது சிறந்த பணி. அப்பணிக்குப் பட்டமும் பதவியும் விரைவில் கிட்டா. அதனாலேயே அது கிடப்பில் உள்ளது.

வெடித் தொழிலதிபர்கள் இதற்குப் பொருளுதவி செய்தல் கடன். அறக்கொடை என்று சொல்லிச் செய்ய வேண்டுவதில்லை. கூலியின் ஒரு பகுதி என்று எண்ணிச் செய்தாற் போதும்.

துகள் மருந்து வரும்பொழுது வரட்டும். அதுவரை, ஏன், அது வந்த பின்னருங்கூட, தீப்பட்ட முதல் மணித்துளிகளில் எந்த வெள்ளியும் உதவாது, தண்ணீர்தான் உதவும். எரியும் உடையை அணைத்துத் தளர்ந்த துணியை அகற்றுக; தோலோடு ஒட்டிய துணியை இழுக்கற்க. வளையல், மோதிரம் ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றுக. வெந்த இடத்தின்மேல் குளிர்ந்த, ஓடும் நல்ல நீரை 20 மணித்துளி விடுக. பனிக்கட்டி வேண்டா. மை, மாவு, பற்பசை, எண்ணெய், இலைச்சாறு எதுவும் வேண்டா. புண் பரந்திருப்பின் உடல் குளிர்ந்துவிடாதபடி மற்ற பகுதியைப் போர்த்தித் தூய வெளுத்த துணியால் புண்ணை மூடி, காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. சிவகாசியிலிருந்து மதுரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். வழியில் வேறு எதற்கும் நிற்கற்க. இவ்வளவையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, ஒவ்வொரு கொட்டகையின் வாயிலிலும், நிறைந்த நீர்த்தொட்டி ஒன்றின் பக்கத்தில் தொங்கவிடல் வேண்டும். தொட்டியில் நீர் இருக்கின்றதா என்பதை நாடோறும் காலையில் ஒருவர் எட்டிப் பார்த்தல் வேண்டும்.